பாளையங்கோட்டைக்கு வந்த ஹீரோகுவெஸ்ட்: வண்ணம் பூசிய ஒரு பழைய பெட்டி

மில்டன் பிராட்லி நிறுவனம், சிறு உருவங்களைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்புடன் சேர்ந்து 1989-இல் வெளியிட்ட ‘ஹீரோகுவெஸ்ட்’ என்னும் பலகை விளையாட்டு, நம் ஊர்க் கடைகளில் விற்பனைக்கு வந்து நான் பார்த்ததில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததுதான் இங்கே அதன் வரலாறு. அப்படிப் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வந்த ஒரு பெட்டி, அந்த வீட்டார் வீட்டைக் காலி செய்தபோது என்னிடம் சேர்ந்தது. விளையாட்டின் விதிகளைக் காட்டிலும் அதிலுள்ள சிறு பிளாஸ்டிக் உருவங்களைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன். ஏனெனில் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தப் பெட்டியைத் தேடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த உருவங்களுக்காகவே வாங்குகிறார்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்கு வீரர்கள் பாதாள அறைகளுக்குள் நுழைகிறார்கள். ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கத்துத் தீய மந்திரவாதியாக அமர்ந்து, கதவு திறக்கத் திறக்க அரக்கர்களை எடுத்து வைக்கிறார். சண்டைக்கென்று தனிப் பகடைகள் உண்டு. அவற்றின் ஆறு முகங்களில் மூன்றில் மண்டையோடும், இரண்டில் வீரர்களுக்கான கேடயமும், ஒன்றில் அரக்கர்களுக்கான கருங்கேடயமும் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அரைமணி நேரத்தில் புரிந்துவிடும். ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்த இந்த எளிமை இன்றும் செல்லுபடியாகிறது.

இனி உருவங்களுக்கு வருவோம். மொத்தம் 35. பார்பேரியன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி என்று வீரர்கள் நால்வர். எதிரே அரக்கர்கள்: முரட்டு உடல் கொண்ட எட்டு ஓர்க்குகள், அவற்றிலும் சிறிய ஆறு காப்ளின்கள், ஒற்றைக் கண்ணும் வாலும் கொண்ட மூன்று ஃபிமிர்கள், நான்கு எலும்புக்கூடுகள், இரண்டு ஸாம்பிகள், இரண்டு மம்மிகள், ‘கேயாஸ்’ என்னும் தீய சக்தியின் பக்கம் நிற்கும் கவச வீரர்கள் நால்வர், கேயாஸ் மந்திரவாதி ஒருவன், சிறகுள்ள கார்காயில் ஒன்று. கடையிலிருந்து வரும்போது இவை வண்ணம் பூசாதவை. வீரர்கள் சிவப்புப் பிளாஸ்டிக்கிலும், ஓர்க் வகையறா பச்சையிலும், செத்துப் பிழைத்தவை எலும்பு வெள்ளையிலும், கேயாஸ் கூட்டம் சாம்பலிலும் இருக்கும். அப்படியே வைத்து ஆடலாம்; ஆனால் அப்படியே வைத்திருந்த வீடுகள் குறைவு.

எங்கள் தெருவுப் பெட்டியை அந்த வீட்டு அண்ணன்மார் இருவர் ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து பூசி முடித்தார்கள். ஓவியக் கடைச் சாயம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஹார்டுவேர் கடையில் சிறு டப்பாவில் விற்ற எனாமல். ஜன்னலுக்கு அடிக்கும் பச்சை ஓர்க்குகளின் உடலுக்கும், கேட்டுக் கம்பிக்கு அடிக்கும் அலுமினியப் பூச்சு கேயாஸ் வீரர்களின் கவசத்துக்கும் போயிற்று. எலும்புக்கூடுகளுக்கு மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டு, டர்பன்டைன் கலந்து நீர்க்கவைத்த கருப்பை மேலே ஓடவிட்டு, பள்ளங்களில் தங்கியதைத் தவிர மற்றதைத் துணியால் துடைத்திருக்கிறார்கள். விலா எலும்புகளின் இடுக்கில் கருப்புத் தங்கி, மேடெல்லாம் வெள்ளையாக நிற்கிறது. வண்ணம் பூசுவோர் இன்று ‘வாஷ்’ என்று சொல்லும் முறை இதுதான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அவர்களே கண்டுபிடித்த இந்த எலும்புக்கூடுகள் நான்கும்தான் என் கணக்கில் பெட்டியின் மிகச் சிறந்த உருவங்கள்.

எனாமல் தடிமனாக விழுந்தும் முகங்கள் மறையாததற்குச் செதுக்கலே காரணம். அக்காலத்துப் பிளாஸ்டிக் உருவங்களுக்கு மூல வடிவத்தை மூன்று மடங்கு பெரிதாகக் கையால் செய்து, அதைச் சிறிதாக்கும் கருவியைக் கொண்டு எஃகு அச்சில் வெட்டுவது வழக்கம். எஃகு அச்சு இரண்டு பாதிகளாகத் திறப்பதால், உள்பக்கமாக வளைந்த பகுதி எதுவும் உருவத்தில் இருக்க முடியாது. இருந்தால் அச்சிலிருந்து கழன்று வராது. ஆகவே கைகள் பக்கவாட்டில் விரிந்திருக்கும், வாள் தலைக்கு மேலே தட்டையாக உயர்ந்திருக்கும். தலையும் கைகளும் உடலின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும், துணி மடிப்புகள் ஆழமாக இறங்கியிருக்கும். குறை என்று சிலர் சொல்லும் இந்தத் தட்டைத்தன்மை தூரிகை பிடிப்பவருக்குப் பெரிய உதவி. எங்கே ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்க வேண்டும் என்பதை உருவமே காட்டிவிடும். திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களில் படைவீரர்களைக் கருங்கோடு கட்டிப் பிரித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மங்கலான வெளிச்சத்திலும் ஆள் அடையாளம் தெரிவதற்கு அந்தக் கோடு போதும்.

2021-இல் கடைக்கு வந்த ஆவலான் ஹில் நிறுவனத்தின் புதிய பதிப்பையும் நண்பர் வீட்டில் ஆடிப் பார்த்திருக்கிறேன். விதிகள் பெரும்பாலும் பழையவையே. உரிமைச் சிக்கல் காரணமாகக் கேயாஸ் வீரர்களும் ஃபிமிர்களும் போய், அவற்றின் இடத்தில் வேறு பெயரில் வேறு உருவங்கள் நிற்கின்றன. பழைய பெட்டியில் பாதி அட்டையாக இருந்த மேசை, அலமாரி முதலியவை புதியதில் முழுப் பிளாஸ்டிக். உருவங்கள் கணினியில் செதுக்கப்பட்டவை. நுணுக்கம் கூடியவை, அசைவும் உயிரும் உள்ளவை. விளையாடுவதற்கு மட்டும் என்றால் புதியதையே வாங்குங்கள். ஆனால் முதன்முதலாகத் தூரிகை எடுக்கும் ஒரு பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டுமென்றால், நான் பழைய ஓர்க்கையே கொடுப்பேன். நுணுக்கமான உருவம் பூசுபவரிடம் திறமையைக் கேட்கிறது. பழைய உருவம் துணிச்சலை மட்டும் கேட்கிறது.

எனக்கு வந்த பெட்டி முழுமையானது அல்ல. மேசை நாற்காலிகளின் மேல் செருகும் சிறு மண்டையோடுகளும் எலிகளும் இத்தகைய பெட்டிகளில் முதலில் காணாமற்போகும், இதிலும் போயிருந்தன. அலமாரி ஒன்றின் அட்டையை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அந்த வீட்டில் விளையாடிய நாளிலேயே தொலைந்த சாமான்களுக்கு ஈடாக அம்பாசமுத்திரத்து மரச் சொப்பிலிருந்து உரலையும் திருகையையும் எடுத்து வைத்தார்கள் என்பதால், கேயாஸ் மந்திரவாதியின் நிலவறையில் அரக்கு மெருகேறிய சிவப்பு உரல் ஒன்று இன்றும் கிடக்கிறது. அதை நான் எடுக்கவில்லை. பெட்டியைத் தரும்போது மூத்த அண்ணன் சொன்னதும் அதேதான்: “பெயிண்ட்டச் சுரண்டிராதடே, அம்புட்டும் நாங்க லீவுல உக்காந்து அடிச்சது.”

இப்படிப்பட்ட பழைய பெட்டியை வாங்குவோர் முதலில் உருவங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் பின் ஓர்க்குகளின் ஆயுத நுனிகளைப் பார்க்க வேண்டும், உடைந்திருந்தால் அங்கேதான் உடைந்திருக்கும். பழைய பூச்சு உரிந்திருந்தால் தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ ஊற்றிவிடாதீர்கள். பூச்சோடு பிளாஸ்டிக்கும் இளகிவிடும். உரிந்த இடத்தை மட்டும் நீரில் கரையும் அக்ரிலிக் சாயம் கொண்டு தொட்டுவிடுவதே நல்லது. அதே காலத்து உலோக உருவங்களும் சிலரிடம் கிடைக்கின்றன. அவற்றில் ஈயம் கலந்திருக்கும். 1990-களில்தான் தயாரிப்பாளர்கள் ஈயமில்லாக் கலவைக்கு மாறினார்கள். ஆகவே அவற்றை அரத்தால் ராவினால் தூளை ஈரத்துணியில் துடைத்தெடுத்துக் கையைக் கழுவுங்கள், சிறு பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

நம் ஊர்ப் பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மாடியில் நின்று பிரைமர் என்னும் அடிப்பூச்சைத் தெளித்தால் உருவத்தின் மேல் மணல் ஒட்டிச் சொரசொரப்பாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றில், பளபளப்பில்லாத மேல்பூச்சான மேட் வார்னிஷைத் தெளித்தால் வெண்மை பூத்துவிடும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும் என்றாலும், ஈரத் துணியின் மேல் பட்டர் தாளை விரித்து அதில் சாயத்தைக் குழைத்தால் சமாளிக்கலாம். மாசி, பங்குனி சரியான காலம். பூசி முடித்த உருவங்களைப் பரணில் மட்டும் ஏற்ற வேண்டாம். ஓட்டுக்கூரையின் அடியில் இறங்கும் சூட்டில் எனாமல் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிழலான அலமாரியில் ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் தனியாகச் சுற்றி வைத்தால் போதும்.