வீட்டு அகச்சிவப்பு சானா: ஒருவர் பெட்டியை நம்பி வாங்கலாமா?

ஹெம்லாக் மரச்சுவர், முன்புறம் கண்ணாடிக் கதவு, முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் காலுக்கும் அகச்சிவப்புக் கதிரால் சூடேற்றும் கார்பன் பேனல்கள். ஒருவர் உட்கார்ந்து வியர்க்கும் அளவுக்கான இந்த சானாப் பெட்டி இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கிறது. தனி மின்இணைப்புக்கு வழியும் காற்றோட்டமான ஒரு மூலையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். உடம்பு இளைக்கும், நச்சு இறங்கும் என்று நம்பி வாங்குவதானால் வேண்டாம். வியர்வையில் போவது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அரை மணியில் குறைந்த எடை, தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

பின்லாந்து சானாவில் காற்றே 80 முதல் 100 டிகிரி வரை சூடாகும். இதில் 45 முதல் 60 டிகிரிதான். பேனலின் கதிர் நேராகத் தோலைச் சூடாக்குவதால் மூச்சு முட்டுவதில்லை. வெக்கை தாங்காதவர்களுக்கும் இது ஒத்துவருவது அதனால்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: முகத்தில் அனல் அடிக்காததால் நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

விற்பவர்கள் இதய நலத்துக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டுவது 2015இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வை. அதிலிருந்த 2,315 ஆண்களும் பழைய முறை சானாவில் உட்கார்ந்தவர்கள். இந்தப் பெட்டிக்கு நெருக்கமானது ஜப்பானின் வாவோன் சிகிச்சை. 60 டிகிரியில் 15 நிமிடம், பிறகு போர்வை போர்த்தி 30 நிமிட ஓய்வு. அதுவும் மருத்துவர் கண்காணிப்பில் செய்வது.

பணம் கட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரிங்கைக் காட்டுங்கள். 1,500 வாட் பெட்டி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்காது. 16 ஆம்பியர் பாயிண்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இந்த நான்கும் கட்டாயம். கீசர் ஓடும் லைனிலேயே கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும்போது சுமை தாங்காமல் எம்சிபி சுவிட்ச் விழலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, பிளக் பழுத்து உருகிவிடும். சூடேறும் நேரத்தையும் சேர்த்து ஒரு தடவைக்கு ஒன்று, ஒன்றேகால் யூனிட் ஆகும்.

தரை, பின்சுவர், பக்கச்சுவர்கள், பெஞ்சு, முன்கதவு, கடைசியில் கூரை என்று இரண்டு பேர் சேர்ந்து மாட்டலாம். அதிகம் கோளாறு வருவது கூரையில் கனெக்டர்கள் சேரும் இடத்தில். ‘டக்’கென்று பூட்டும் சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக நின்றால் அந்தப் பேனல் சூடேறாது, இல்லையென்றால் லூஸ் கான்டாக்டில் பிளாஸ்டிக் கருகும். போட்டு 15 நிமிடம் கழித்து ஒவ்வொரு பேனலுக்கும் எதிரே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூரையைத் திறங்கள். கதவு உரசினால் கீலை முறுக்காதீர்கள். தரை மட்டம் சரியில்லை என்று அர்த்தம். முதல் ஓட்டம் ஆளில்லாமல், கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து, முழுச் சூட்டில் ஒரு மணி நேரம். இப்படிச் சில தடவை ஓட்டியும் பசை நெடி குறையவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்ப்ளே 60 காட்டும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் வாரம் 45–50 டிகிரியில் 10–15 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மெல்லக் கூட்டினாலும் 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். உள்ளே போகும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். போகும் முன்னும் வெளியே வந்ததும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் உள்ளே போக வேண்டும். உப்புப் போட்ட மோர் இதற்கு அருமை. கழற்ற முடிகிற நகையெல்லாம் வெளியே இருக்கட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லையென்றால் அதன் மேலும் கீழும் துண்டு இருக்க வேண்டும், உலோகம் சீக்கிரம் சுடும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, கூரைத் துவாரத்தைத் திறந்தே வையுங்கள்.

முதுகைப் பேனலில் ஒட்டவைத்துச் சாயாதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சூடு பட்டால் தோலில் வலை பின்னியதுபோலப் பழுப்புத் தடம் விழும். அது தெரிந்த அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். முடித்ததும் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். கதவைத் திறந்து இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

கர்ப்பிணிகள், காய்ச்சல் உள்ளவர்கள், மது அருந்தியவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் உள்ளே போகவே கூடாது. நீர் பிரியும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாது, இன்சுலினும் சூட்டில் வேகமாக ஏறிச் சர்க்கரையை இறக்கிவிடும். வலிக்கான மருந்துப் பட்டையை (பேட்ச்) தோலில் ஒட்டியிருப்பவர்களுக்கும் இதே கதைதான், மருந்து அளவுக்கு மீறி இறங்கும். குழந்தைக்கு முயலும் ஆண்கள் தள்ளிப்போடுவது நல்லது, சூடு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. பெஞ்சில் துண்டு விரித்து உட்காருங்கள், பிறகு ஈரத்துணியால் துடைத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். உள்ளே வார்னிஷ் மட்டும் அடிக்காதீர்கள், சூட்டில் நெடி கிளம்பும். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே நிற்கட்டும், கரையான் ஏறினால் உடனே கண்ணில் படும்.

விலை குறைவு என்று, உடம்பைச் சுற்றிக்கொள்ளும் மின்சார சானாப் போர்வையை யோசிப்பவர்கள், வியர்வை முழுக்க உள்ளேயே தேங்குவதையும் ஒவ்வொரு தடவையும் துடைத்துக் காயவைக்க வேண்டியதையும் கணக்கில் எடுங்கள். பெட்டிதான் என்று முடிவுசெய்தால், தனிப் பேனலும் கன்ட்ரோல் போர்டும் உதிரியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.