பேடில் ஷிஃப்டர் கிட் வாங்குகிறீர்களா? கூடவே வரும் கிளாக் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் காருக்கு பேடில் ஷிஃப்டர் (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்து விரலால் இழுத்து கியர் மாற்றும் பட்டை) மாட்டலாம் என்று ஆன்லைனில் கிட் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான். எனக்குக் காசு போனது ஒருபக்கம் இருக்கட்டும். விற்றவர் கடைசியில் சொன்ன ஒரு யோசனை இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விளம்பரங்களில் மூன்று விதமான பொருளையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் பேடில் மேல் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் ஒன்று. அதில் வயரே கிடையாது, சும்மா நீளமாகப் பிடிக்க வசதி. அடுத்தது வயர்லெஸ். சின்ன வட்ட பேட்டரியில் ஓடும் பட்டனை ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டு, அதன் ரிசீவரை கியர் லீவரில் இருக்கும் பிளஸ், மைனஸ் வயரில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, அதே மாடலின் டாப் வேரியண்டில் கம்பெனியே கொடுப்பது போல ஸ்டீயரிங்குக்கு உள்ளேயே வயர் போகும் கிட். நான் வாங்கியது இந்த மூன்றாவது ரகம். மற்ற இரண்டைப் பற்றி இங்கே பேசவில்லை.

இந்த ரகத்தில் எல்லாமே கிளாக் ஸ்பிரிங்கை நம்பித்தான் இருக்கிறது. ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்வார்கள். ஸ்டீயரிங் சுற்றச் சுற்ற வயர் முறுக்கி அறுந்துவிடாமல் இருக்க, தட்டையான கேபிளை ஒரு வட்டப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருப்பார்கள். ஹாரன், ஆடியோ பட்டன், டிரைவர் ஏர்பேக் எல்லாவற்றுக்கும் கரண்ட் இதன் வழியாகத்தான் போகிறது. கீழ் வேரியண்டில் வரும் கிளாக் ஸ்பிரிங்கில் பேடிலுக்கான தடம் பெரும்பாலும் இருக்காது. அதனால் கிட் விற்பவர்கள் கூடவே வேறொரு கிளாக் ஸ்பிரிங்கும் தருகிறார்கள். பேடில் நன்றாக இருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொண்டிருக்க, ஏர்பேக்கின் வயரையே மாற்றும் ஒரு பொருள் அதே பெட்டியில் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஆர்டர் போடுவதற்கு முன்பே சேசிஸ் நம்பர், ஸ்டீயரிங்கின் பின்பக்கப் படம், கனெக்டர் படம் எல்லாம் அனுப்பிக் கேட்டேன். என் காரில் லீவரைத் தள்ளி மேனுவலாக கியர் மாற்றும் வசதி உண்டு, டாப் வேரியண்டில் பேடிலும் உண்டு என்பதையும் சொன்னேன். உடனே பதில் வந்தது: “நூறு சதவீதம் செட் ஆகும் சார். ஒரிஜினல் கம்பெனி பார்ட். பிளக் அண்ட் ப்ளே, வயர் கட் பண்ற வேலையே இல்ல.” அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பார்சலைப் பிரித்ததுமே மனசு உறுத்தியது. கார்பன் ஃபைபர் என்று விற்ற பேடிலின் ஓரத்தில் நகத்தை வைத்தால் மேலே ஒட்டிய ஃபிலிம் உரிகிறது, உள்ளே வெள்ளை பிளாஸ்டிக். சரி, அழகு விஷயம் என்று விட்டுவிடலாம். கிளாக் ஸ்பிரிங்கை விட முடியாது. விளம்பரப் படத்தில் பார்ட் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. கைக்கு வந்ததில் அந்த இடத்தில் சுரண்டிய தடம். புது கிளாக் ஸ்பிரிங் என்றால் நடுநிலையிலிருந்து சுற்றிவிடாமல் இருக்க ஒரு பின்னோ லாக்கோ போட்டுத்தான் வரும். இதில் அதுவும் இல்லை, கையில் எடுத்தாலே லூசாகச் சுற்றியது. வயரிங் விளக்கம் என்று ஒரு ஜெராக்ஸ் தாள் வைத்திருந்தார்கள். அதில் இருந்தது வேறு ஏதோ காரின் ஸ்டீயரிங்.

லாக் பின் எங்கே என்று கேட்டதற்கு, “சென்டர் பண்ணித்தான் அனுப்பியிருக்கோம் சார், அப்படியே மாட்டுங்க” என்றார். அதை நம்பி மாட்டியிருந்தால், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்ளே இருக்கும் கேபிள் ஒரு பக்கம் இழுபட்டு அறுந்திருக்கலாம். சர்வீஸ் மேனுவலில் சொன்னபடி நானே நடுநிலைக்குக் கொண்டுவந்தேன்.

மாட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ‘நீங்கள் ஏதாவது தப்பாகச் செய்திருப்பீர்கள்’ என்றுதான் விற்றவரும் பிறகு ஆரம்பித்தார். சக்கரம் நேராக நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, மேனுவல் சொன்ன நேரத்துக்கு மேலேயே காத்திருந்தேன். காரைப் பொறுத்து 90 வினாடி என்றும் 3 நிமிடம் என்றும் போட்டிருப்பார்கள். ஏர்பேக் கம்ப்யூட்டரில் தேங்கியிருக்கும் சார்ஜ் இறங்கத்தான் அந்த நேரம். கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்கும்படி ஓரமாக வைத்தேன். மல்டிமீட்டரை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை.

எல்லாம் மாட்டி இக்னிஷன் போட்டால், சில வினாடியில் அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. இடது பேடிலை இழுத்தால் கியர் இறங்கவில்லை, ஆடியோவில் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது! சிரிப்பு வந்தது, ஆனால் விஷயம் சிரிப்பானது இல்லை. கிட்டின் கனெக்டரில் பின்களை இடம் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். பேடிலுக்கான வயர் ஆடியோ பட்டன் தடத்தில் போய் விழுகிறது. ஆடியோவுக்கே இந்தக் கதி என்றால் பக்கத்தில் இருக்கும் ஏர்பேக் தடத்தை எப்படிச் செய்திருப்பார்கள்? காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தேன். டிரைவர் ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம் என்று காட்டியது. மறுபடி பேட்டரியைக் கழற்றி, பழைய கிளாக் ஸ்பிரிங்கையே மாட்டி, எரரை அழித்தேன். விளக்கு ஒழுங்காக அணைந்தது. கோளாறு காரிலா, அவர் அனுப்பிய பொருளிலா என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

படங்களோடு எல்லாவற்றையும் அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் நான் முதலில் சொன்ன யோசனை: “இது எல்லாருக்கும் வர்றதுதான் சார். ஒரு சின்ன ரெசிஸ்டர் அனுப்புறேன், ஏர்பேக் கனெக்டர்ல சொருகிடுங்க. லைட் போயிடும்.”

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஏர்பேக் கம்ப்யூட்டர் ஓயாமல் மிகச் சிறிய கரண்ட் ஒன்றை அனுப்பி, ஏர்பேக்கின் பற்றவைக்கும் பகுதியில் சில ஓம் அளவு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதே அளவு ரெசிஸ்டரைச் சொருகினால் ஏர்பேக் இருப்பதாகவே அது நம்பிவிடும். மோதல் நடந்தால் வெடிக்கச் சொல்லும் கட்டளை அந்த ரெசிஸ்டருக்குப் போகும், பை விரியாது. கண் இமைக்கும் நேரத்துக்குள், 20 முதல் 30 மில்லி செகண்டில் விரிந்து தலையைத் தாங்க வேண்டிய பொருள் ஸ்டீயரிங் நடுவில் வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருக்கும். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. அந்தக் காரை நாளைக்கு வேறொருவர் வாங்கினால் அவருக்கும் தெரியாது. ‘எல்லாருக்கும் வர்றதுதான்’ என்கிறாரே, அப்படியென்றால் எத்தனை பேர் அந்த ரெசிஸ்டரை வாங்கிச் சொருகியிருப்பார்கள்?

முடியாது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் பேச்சு மாறியது. எலக்ட்ரிக்கல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். கவரைப் பிரித்துவிட்டேனாம். என் ஸ்கேனர் சரியில்லையாம். பிறகு, என் கார் பேடிலுக்கு சப்போர்ட் பண்ணாதாம்! நூறு சதவீதம் செட் ஆகும் என்ற அவருடைய ஸ்கிரீன்ஷாட்டையே திருப்பி அனுப்பினேன். டெக்னிக்கல் டீம் பேசும் என்றார்கள். அந்த டீம் இன்னும் பேசவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி ஒரு ஸ்டார் போட்ட பிறகுதான் ஃபோன் வந்தது. ரிவ்யூவை எடுத்துவிட்டால் பாதிப் பணம், ஐந்து ஸ்டாராக மாற்றினால் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறார்களாம். எடுக்க மாட்டேன் என்று வைத்துவிட்டேன். கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டு டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன், முடிவு வரவில்லை. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஐந்து ஸ்டார்களை இப்போது பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் இவற்றையாவது கேளுங்கள். கிளாக் ஸ்பிரிங்கின் பார்ட் நம்பர் தெரிகிற மாதிரி, உங்களுக்கு அனுப்பப் போகிற அதே பொருளின் படத்தைக் கேளுங்கள். அந்த நம்பரை கார் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலில் உங்கள் மாடலோடு ஒப்பிடுங்கள். லாக் பின்னோடு வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். சில கார்களில் பேடிலை மாட்டினால் மட்டும் போதாது, ஸ்கேனரில் கோடிங் செய்தால்தான் கம்ப்யூட்டர் அதை ஏற்கும். அதைப் பற்றிக் கேட்டால் மழுப்புகிறாரா என்று பாருங்கள். பார்சல் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள், டிஸ்ப்யூட்டில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். முடிந்தால் கம்பெனி கிளாக் ஸ்பிரிங்கைத் தனியாக வாங்கிவிடுங்கள். விலை கூடத்தான், ஆனால் இதில் போய்க் கணக்குப் பார்க்காதீர்கள்.

இப்படி ஒரு கிட்டை ஏற்கெனவே வேறு யாரிடமாவது கொடுத்து மாட்டியிருப்பவர்களுக்கு ஒன்று. ஏர்பேக் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், ரெசிஸ்டர் சொருகினாலும் அது அப்படித்தான் எரிந்து அணையும். ஸ்கேனரிலும் பிடிபடாமல் போகலாம். ஏர்பேக் வேலை தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, ஏர்பேக்கைத் தூக்கி, அந்த மஞ்சள் கனெக்டர் நேராக ஏர்பேக்கில்தான் போய் உட்கார்ந்திருக்கிறதா, நடுவில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.