ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை என்று பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்: 16,500 ரூபாய் இழந்த அனுபவம்

ஈரோட்டில் கணக்கு எழுதும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஐந்து கணினிகள், நான்கு பணியாளர்கள். வாடிக்கையாளர்களின் டேலி பேக்கப், ஜிஎஸ்டி படிவங்கள், வங்கி ஸ்டேட்மென்ட், பான் நகல்கள் எல்லாம் ஏழு ஆண்டுகளாக ஒரே நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க் வழியாக எல்லாக் கணினிகளுக்கும் கோப்புகளைக் கொடுக்கும் சேமிப்புப் பெட்டியில், இருக்கின்றன. எல்லாக் கணினிகளும் அதிலுள்ள ஷேர் ஃபோல்டரைத் திறந்துதான் வேலை செய்கின்றன. அந்தப் பெட்டியை முன்வைத்து ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை என்னை ஏமாற்றிய விதத்தை, என்னைப் போன்ற சிறிய அலுவலகம் வைத்திருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பிப்ரவரி 17ஆம் தேதி காலையில் இரண்டு கணினிகளில் மட்டும் ஃபோல்டர் திறக்கவில்லை. 'அடையாளம் காட்டாத விருந்தினர் நுழைவை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் செய்தி வந்தது. மற்ற மூன்று கணினிகளில் அதே ஃபோல்டர் வழக்கம்போலத் திறந்தது. இந்த ஒரு வேறுபாட்டை நான் அன்றே நின்று யோசித்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது; மூன்று கணினிகளுக்குக் கோப்பைக் கொடுக்கும் பெட்டி கெட்டுப்போயிருக்க வழியில்லை. ஆனால் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய 20ஆம் தேதி கடைசி நாள் என்ற பதற்றத்தில், கடையிலிருந்து ஆளை வரவழைத்தேன்.

வந்தவர் திரையில் இருந்த செய்தியைப் படிக்கவே இல்லை. பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போயிட்டு இருக்கு மேடம், இப்பவே எடுக்கலைன்னா டேட்டா மொத்தமா போயிடும்" என்றார். டேட்டா போய்விடும் என்ற சொல்லைக் கேட்ட பிறகு நான் வேறு எதையும் கேட்கவில்லை. காலை 11.40க்குப் பெட்டியை அணைத்து எடுத்துக்கொண்டு போனவர், நான்கு நாள் கழித்து 21ஆம் தேதி மாலைதான் கொண்டுவந்தார். டேட்டா ரெக்கவரிக்கு 14,000, நெட்வொர்க் செட்டிங்குக்கு 2,500 என்று 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். இடையில் ஒன்பது வாடிக்கையாளர்களின் 3பி தாமதமாகி, நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன். தொகை பெரிதில்லை, ஏழு ஆண்டுகளில் ஒரு நாளும் தவறாத அலுவலகம் என்று என்னை நம்பியவர்களிடம் காரணம் சொல்லி நின்றதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

மார்ச் மாதம், வேறொரு ஊரில் கணினித் துறையில் வேலை செய்யும் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தபோது, ரசீதைப் பார்த்துச் சந்தேகப்பட்டான். ஹார்ட் டிஸ்க், அதாவது வட்டு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை அந்த வட்டே கணக்கு வைத்துக்கொள்கிறது. எந்த இயந்திரத்தில் மாட்டி ஓட்டினாலும் அந்தக் கணக்கு கூடும். எங்கள் பெட்டி மாதம் முதல் தேதியில் வட்டின் நிலையை மின்னஞ்சலில் அனுப்பும் என்பதால், பிப்ரவரி 1ஆம் தேதி எண்ணையும் மார்ச் 1ஆம் தேதி எண்ணையும் ஒப்பிட முடிந்தது. இடைப்பட்ட கணக்கில் நான்கு நாட்களின் மணி நேரம் அப்படியே குறைந்திருந்தது; பெட்டி கடையில் இருந்த அந்த நான்கு நாட்களில் வட்டு ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. பழுதான பகுதிகளின் எண்ணிக்கை இரண்டு மாதமும் பூஜ்யம். எதையும் அவர் மீட்கவில்லை. மீட்க வேண்டிய நிலையில் எதுவும் இருக்கவும் இல்லை.

உண்மையான காரணம் எளியது. அந்த இரண்டு கணினிகளும் முந்தைய நாள் இரவு விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியிருந்தன. புரோ வகையில் இந்தப் பதிப்பு, கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் (விருந்தினர்) நுழைவை இயல்பாகவே மறுக்கிறது. கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற முறையின் தொடர்பு ஒவ்வொன்றும், இடையில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இடப்பட வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. எங்கள் பெட்டியோ தொடக்கத்திலிருந்தே கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்தது. கெஸ்டாக நுழைபவருக்குக் கையொப்பமிட வழியில்லை. மற்ற மூன்றும் விண்டோஸ் 10 புரோ என்பதால் பழையபடி அனுமதித்தன. பெட்டியில் ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி, ஒவ்வொரு கணினியிலும் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அதைச் சேமித்ததும் ஐந்திலும் ஃபோல்டர் திறந்தது. முக்கால் மணி நேர வேலை.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது, 2,500 ரூபாய்க்கு அவர் செய்துவைத்திருந்த 'நெட்வொர்க் செட்டிங்'. ஐந்து கணினிகளிலும், வெளியிலிருந்து வரும் தேவையற்ற தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்திருந்தார். 24எச்2 கணினிகளில் கெஸ்ட் நுழைவை மீண்டும் திறந்து, கையொப்பக் கட்டாயத்தையும் நீக்கியிருந்தார். தேவையே இல்லாத, எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐயும் இயக்கியிருந்தார். 2017 மே மாதம் உலகம் முழுவதும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் அதை மைக்ரோசாஃப்ட் சேர்ப்பதில்லை. இவை போதாதென்று, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் மென்பொருள் ஒன்றை என் கணினியில் நிறுவி, நான் அனுமதி தராமலே உள்ளே வரும்படி நிரந்தரக் கடவுச்சொல்லும் வைத்திருந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் ஒரு மாதமாக இப்படிக் கிடந்தன என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

உங்கள் அலுவலகத்தில் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், முதலில் மற்றக் கணினிகளில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் பெட்டியை யாரிடமும் கழற்றிக் கொடுக்காதீர்கள். திரையில் வரும் செய்தியை அப்படியே செல்போனில் படம் எடுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில், பெட்டியின் பெயருக்குப் பதிலாக நெட்வொர்க்கில் அதன் முகவரியான ஐபி எண்ணை இரண்டு பின்சாய்கோடுகளுக்கு (\\) அடுத்து இட்டுப் பாருங்கள். அதில் திறந்தால் சிக்கல் பெயரைக் கண்டறிவதில்தான் இருக்கிறது. நெட்வொர்க் 'பப்ளிக்', அதாவது பொது இடத்து நெட்வொர்க், என்று மாறியிருக்கிறதா, முந்தைய நாள் அப்டேட் ஏதும் ஓடியதா என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே யாராவது வந்து 'சரிசெய்து' போயிருந்தால், கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து எஸ்எம்பி 1 என்பதற்கு எதிரே டிக் இருக்கிறதா, ஃபயர்வால் இயங்குகிறதா, நீங்கள் நிறுவாத ரிமோட் மென்பொருள் ஏதும் இருக்கிறதா என்று இன்றே சோதியுங்கள்.

கடைக்குப் போய் இரண்டு மின்னஞ்சல்களையும் காட்டினேன். "கஸ்டமர் டேட்டா பத்திரமா வந்துச்சா இல்லையா மேடம்?" என்பதே பதிலாக இருந்தது. ரசீதையும் மின்னஞ்சல்களையும் இணைத்து எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரும் பதிந்திருக்கிறேன். பணியாளர்களின் பெயரில் உருவாக்கிய கடவுச்சொற்கள் இப்போது என்னிடம் மட்டுமே இருக்கின்றன.