விளையாட்டரங்கமா, கலையரங்கமா? பராமரிப்புச் செலவை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு நகரம் தன் வரிப்பணத்தில் விளையாட்டரங்கம் கட்டுவதா, இசைக்கும் நாடகத்துக்கும் கண்காட்சிக்கும் இடம் தரும் கலையரங்கம் கட்டுவதா என்ற கேள்வி எழும்போது, இரண்டையும் கட்டிவிடலாம் என்பதுதான் முதலில் வரும் பதில். பெரும்பாலான நகரங்களின் நிதிநிலை அதற்கு இடம் கொடுப்பதில்லை. அப்படியொரு தேர்வில் கருத்துச் சொல்ல வேண்டிய நிலை எனக்கும் வந்தது. நான் கலையரங்கத்தின் பக்கம் நின்றேன். கலை மீதுள்ள பற்று அதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கட்டி முடித்த பிறகு முப்பது ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வரும் பராமரிப்புச் செலவை யார் தலையில் ஏற்றுகிறோம், அதன் அளவையும் நேரத்தையும் நிர்ணயிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி.

வழக்கமாக முன்வைக்கப்படும் பொருளாதார வாதங்களை இங்கே விரிவாகப் பேச வேண்டியதில்லை. விளையாட்டரங்கம் வந்தால் வேலைவாய்ப்பு பெருகும், சுற்றுலா வளரும், சுற்றுப்புற நிலமதிப்பு ஏறும் என்று சொல்லாத திட்ட அறிக்கை கிடையாது. 1997-இல் ராஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் தொகுத்த ஆய்வு முதல் பிற்காலத்து ஆய்வுகள் வரை, தொழில்முறை அணிகளுக்கான அரங்குகள் போட்ட பொதுப்பணத்துக்கு ஈடான பலனைத் தருவதில்லை என்ற முடிவுக்கே பெரும்பாலும் வந்திருக்கின்றன. ஆட்டம் பார்க்கச் செலவிடும் குடும்பம் அந்த வாரம் திரையரங்குக்கும் உணவகத்துக்கும் போகாமல் இருந்துவிடுவதால், நகரத்துக்குள் பணம் இடம் மாறுகிறதே தவிரப் பெருகுவதில்லை. உள்ளூர்ப் பார்வையாளர்களையே நம்பியிருக்கும் கலையரங்கத்துக்கும் இதே வாதம் பொருந்தும் என்பதால், இதை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது.

கட்டுமானச் செலவு மதிப்பீட்டை மீறிப் போவதிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை; கலையரங்குகளின் வரலாறு இதில் இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம். சிட்னி ஓப்பரா மாளிகைக்கு முதலில் போடப்பட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1973-இல் திறந்தபோது செலவு 10.2 கோடி டாலரைத் தொட்டிருந்தது. ஹாம்பர்க் நகரின் எல்ப்ஃபில்ஹார்மனி இசையரங்கத்துக்கு நகரின் பங்காக முதலில் சொல்லப்பட்ட தொகை 7.7 கோடி யூரோ. 2017 ஜனவரியில் அது திறக்கப்படும் வரை நகரம் கொடுத்தது 78.9 கோடி யூரோ. ஆகவே கலையரங்கம் சிக்கனமானது என்று நான் வாதிடவில்லை. ஆனால் கட்டுமானத்தில் எகிறும் செலவு எவ்வளவு வலித்தாலும் ஒருமுறை வந்து முடிகிற செலவு. சிட்னி தன் கட்டடச் செலவின் பெரும்பகுதியை அதற்கெனவே நடத்திய லாட்டரியின் வழியாகத் திரட்டியது. கட்டடம் திறந்து இரண்டே ஆண்டுகளில் கடன் அடைந்துவிட்டது.

அதே பத்தாண்டில் கட்டப்பட்ட மான்ட்ரியல் ஒலிம்பிக் விளையாட்டரங்கத்தின் கதை வேறு விதமாகப் போனது. 1976 போட்டிகளுக்காக எழுந்த அந்த அரங்கத்தின் கடனை, புகையிலை மீது விதித்த சிறப்பு வரியின் துணையோடு, முப்பது ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் அடைத்து முடித்தார்கள். கடன் முடிந்தாலும் செலவு முடியவில்லை. திறந்து மூடும்படி திட்டமிடப்பட்ட மேற்கூரை 1987-இல்தான் பொருத்தப்பட்டது. காற்றில் மீண்டும் மீண்டும் கிழிந்தது. 1998-இல் அதை எடுத்துவிட்டு நிலையான கூரை போட்டார்கள். அடுத்த ஆண்டே பனியின் பாரம் தாங்காமல் அதில் ஒரு பகுதி கிழிந்து உள்ளே சரிந்தது. இடையில் நகரின் பேஸ்பால் அணியும் 2004-ஆம் ஆண்டுப் பருவத்தோடு வெளியேறிவிட்டது. நிரந்தரமாக ஆடும் பெரிய அணி இல்லாத அந்த அரங்கத்துக்குப் புதுக்கூரை போட கியூபெக் மாகாண அரசு 2024-இல் 87 கோடி கனடிய டாலரை அறிவித்தது. கூரையை மாற்றாவிட்டால் அரங்கம் பயன்படாது. இடிக்கலாம் என்றால் அதற்கும் பெருந்தொகை வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் பணம் கொடுக்க வேண்டியது மக்களே.

கூரையும் தூணும் கலையரங்கத்திலும் பழுதாகும். வேறுபாடு அந்தச் செலவு எத்தனை நாள் பயன்பாட்டின் மீது பரவுகிறது என்பதில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து அணி ஒரு பருவத்தில் தன் சொந்த அரங்கில் ஆடும் லீக் ஆட்டங்கள் எட்டு அல்லது ஒன்பது. இங்கிலாந்து பிரிமியர் லீக் அணிக்குப் பத்தொன்பது. பேஸ்பால் அணிக்கு 81 என்பதால் அங்கே கணக்கு ஓரளவு மேம்படும். மீதி நாட்களுக்கு இசை நிகழ்ச்சி, மாநாடு என்று திட்ட அறிக்கை நிரப்பினாலும், அறுபதாயிரம் பேரைத் திரட்டவல்ல நிகழ்ச்சிகள் எந்த நகரத்துக்கும் ஆண்டில் சிலவே வரும். ஆயிரத்தைந்நூறு இருக்கைகள் கொண்ட ஒரு கூடமும் அதனோடு இரண்டு சிறு கூடங்களும் உள்ள கலையரங்கத்தில் காலையில் பள்ளிக் குழந்தைகளின் நாடகப் பயிற்சியும், பிற்பகலில் ஒத்திகையும், மாலையில் கச்சேரியும் நடக்கலாம். வெவ்வேறு குழுக்கள் ஒரே நாளில் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இதைவிட என் முடிவில் அதிகம் கனத்தது குத்தகை ஒப்பந்தம். தொழில்முறை அணிக்காகக் கட்டப்படும் அரங்கத்தில் வாடகைதாரர் ஒருவரே. அவர் போய்விட்டால் அந்த இடத்தை நிரப்ப மற்றொருவர் கிடைப்பது அரிது. இதை அணி நிர்வாகம் நன்றாக அறியும். ஆகவே ஒப்பந்தத்தின் பராமரிப்புப் பகுதியில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் நகரத்துக்குப் பின்னாளில் வரப்போகும் செலவுச்சீட்டு என்றே கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்ததை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றை வரவழைப்பதற்காக நகரம், மாவட்டம், மாநிலம் ஆகிய மூன்றும் சேர்ந்து கடன் பத்திரங்கள் வெளியிட்டுக் கட்டிய கூரையரங்கம் 1995-இல் திறக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்து ராம்ஸ் அணி வந்தது. முப்பதாண்டுக் குத்தகையில் ஒரு நிபந்தனை இருந்தது: குறிப்பிட்ட ஆண்டுகளில் அரங்கத்தை அளந்து பார்க்கும்போது அது லீக்கின் எல்லா அரங்குகளிலும் முதல் கால்பங்குத் தரத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி ஆண்டுக்கு ஆண்டு குத்தகைக்கு மாறி, விரும்பும்போது வெளியேறலாம். கையெழுத்திட்ட நாளில் இது சாதாரண நிபந்தனையாகத்தான் தெரிந்திருக்கும், ஏனென்றால் புத்தம்புதிய அரங்கம் முதல் வரிசையில் இருப்பது இயல்பு. ஆனால் மற்ற நகரங்கள் ஒவ்வொன்றாகப் புதிய அரங்குகள் கட்டக் கட்ட, தன் சுவரில் ஒரு கீறல்கூட விழாமலேயே இந்த அரங்கம் தரவரிசையில் இறங்கிக்கொண்டே போகும். அதைத் தடுக்க நகரத்தால் செய்யக்கூடியது மேலும் மேலும் பணம் கொட்டுவது ஒன்றே.

அளவெடுக்கும் கட்டம் நெருங்கியபோது, நகரத் தரப்பு 12.4 கோடி டாலரில் ஒரு மேம்பாட்டுத் திட்டத்தை முன்வைத்தது. அணியின் திட்டமோ ஏறத்தாழ 70 கோடி டாலர். 2013-இல் நடுவர் குழு அணியின் பக்கமே தீர்ப்பளித்தது. அவ்வளவு செலவிட நகரத் தரப்பு மறுத்தது. 2016 ஜனவரியில் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்கே திரும்பிப் போக ஒப்புதல் கிடைத்தது. காலியான அரங்கத்துக்கான கடன் தவணைகளை மக்கள் அதன் பின்பும் கட்டினார்கள். பின்னர் தொடுத்த வழக்கில் 2021-இல் 79 கோடி டாலர் சமரசத் தொகை கிடைத்தது உண்மை. ஆனால் வழக்காடிப் பெறும் இழப்பீட்டை நம்பி எந்த நகரமும் திட்டம் போட முடியாது.

சின்சினாட்டி நகரைக் கொண்ட ஹாமில்டன் மாவட்டத்தின் அனுபவமும் இந்த வகையைச் சேர்ந்ததே. 1996-இல் மக்கள் அரை விழுக்காடு விற்பனை வரிக்கு இசைந்தார்கள். அதற்குப் பதிலாகச் சொத்துவரியில் சலுகை தருவதாக வாக்களிக்கப்பட்டது. 1997-இல் கையெழுத்தான அமெரிக்கக் கால்பந்தரங்கக் குத்தகையில் மேம்பாட்டுச் செலவுகளின் பெரும்பகுதியை மாவட்டம் ஏற்றது; அன்று சந்தைக்கே வராத முப்பரிமாண மறுகாட்சிக் கருவி வரைக்கும் வருங்காலத்தில் வாங்கித் தர வேண்டியவற்றின் பட்டியலில் இருந்தது. வரி வருவாய் எதிர்பார்த்தபடி வளராதபோது, குறைக்கப்பட்டது மக்களுக்குச் சொன்ன சொத்துவரிச் சலுகை. அந்தக் குத்தகையைப் படிக்கிறபோது எனக்குக் கோபமே வருகிறது. பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ இப்படியொரு உத்தரவாதத்தை எந்த உள்ளாட்சியும் எழுதிக் கொடுத்ததில்லை.

லண்டன் 2012 ஒலிம்பிக் அரங்கம் வேறொரு வகைப் பாடம். அதைக் கால்பந்துக்கு மாற்றும் செலவு 19 கோடி பவுண்டாக மதிப்பிடப்பட்டு 32.3 கோடியில் முடிந்தது. வெஸ்ட் ஹாம் அணிக்கு ஆண்டு வாடகையோ சுமார் 25 லட்சம் பவுண்டாகப் பேசப்பட்டது. கோடையில் தடகளம், மற்ற மாதங்களில் கால்பந்து என்ற ஏற்பாட்டுக்காக ஆடுகளத்தை ஒட்டிய கீழடுக்கு இருக்கைகளை இடம் மாற்ற வேண்டும். அவை தள்ளினால் நகர்ந்துவிடும் இருக்கைகள் அல்ல. சாரத்தைப் பிரித்துக் கட்டுவதுபோல் ஆள் வைத்து, நாட்கணக்கில் பிரித்து, மீண்டும் பூட்ட வேண்டியவை. இதற்கான ஆண்டுச் செலவு முதல் மதிப்பீட்டைப் பன்மடங்கு தாண்டி, வாடகை வருவாயையே விழுங்கும் நிலைக்கு வந்தது.

கலையரங்கத்தின் பக்கம் திரும்பினால், அதற்கும் தீராத ஒரு நோய் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் காட்டியபடி, தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஆண்டு உற்பத்தித்திறன் உயர்வதுபோல் மேடையில் உயர்வதில்லை. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான், அதே நேரம் எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். ஊதியம் மட்டும் மற்ற துறைகளோடு சேர்ந்து உயர்கிறது. ஆகவே நுழைவுச்சீட்டு வருவாய் செலவை ஒருபோதும் எட்டிப் பிடிக்காது. மானியம் நிரந்தரமாகத் தேவைப்படும்.

இருந்தும் இந்த மானியத்தை நான் விரும்பி ஏற்கிறேன், ஏனெனில் அது ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியாக எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இந்த ஆண்டு குறைக்கலாம், அடுத்த ஆண்டு கூட்டலாம், கேள்வி கேட்கலாம். டென்வர் வட்டாரத்து மக்கள் 1988-இல் வாக்களித்து ஏற்படுத்திய அறிவியல், பண்பாட்டு நிறுவனங்களுக்கான வரி மாவட்டம் இதற்கு நல்ல மாதிரி. பத்து டாலருக்கு ஒரு சென்ட் என்ற சிறிய விற்பனை வரியில் திரளும் பணம் பெரிய அருங்காட்சியகங்களுக்கும் சிறிய நாடகக் குழுக்களுக்கும் பிரிகிறது. அந்த வரி குறிப்பிட்ட காலத்துக்குப் பின் காலாவதியாகும் என்பதால், நிறுவனங்கள் மீண்டும் மக்களிடம் வந்து நிற்க வேண்டும். 2016-இலும் மக்கள் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

பெருஞ்செலவு வரும்போதும் கலையரங்கம் காத்திருக்க இடம் கொடுக்கிறது. சிட்னியின் பெரிய இசைக்கூடத்தில் ஒலியமைப்பு சரியில்லை என்ற குறை பல பத்தாண்டுகளாக இருந்தது; அரசு தனக்கு இயன்ற காலத்தில், 2020-இல் கூடத்தை மூடி, 15 கோடி டாலர் செலவில் சீரமைத்து 2022-இல் திறந்தது. குறை தீரும்வரை இசைக்குழு ஊரைவிட்டுப் போய்விடவில்லை. 1888-இல் திறந்த ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபோ இசையரங்கம் 2,186 மரத்தூண்கள் மீது நின்றது. அவை இற்றுப்போய் கட்டடம் அமிழத் தொடங்கியது 1980-களில் தெரியவந்தபோது, நூற்றாண்டு பழைய அரங்கத்தை இடிக்காமல் அடித்தளத்தையே மாற்றினார்கள். அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் விளையாட்டரங்கமோ திறந்தது 1992-இல், தகர்க்கப்பட்டது 2017-இல். சியாட்டிலின் கிங்டோம் 1976-இல் திறந்து 2000-இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் கடன் 2015 வரை நீடித்தது.

கலையரங்கம் என்ற பெயர் இருந்தாலே போதும் என்று இதைப் படிக்கக் கூடாது. வலென்சியா நகரின் ஓப்பரா மாளிகை திறந்தது 2005-இல். எட்டே ஆண்டுகளில் அதன் வெளிப்புற ஓட்டுச்சில்லுப் பூச்சு காற்றில் பெயர்ந்து விழுந்ததால், அரங்கத்தை மூடி முழுப் பூச்சையும் அகற்ற வேண்டியதாயிற்று. உலகம் வியக்க வேண்டும் என்ற ஆசையில் எழும் கட்டடம் எதுவானாலும் அதன் வெளித்தோற்றமே முதல் பராமரிப்புச் சுமையாகிவிடும். நான் ஆதரித்ததும் நடுத்தர அளவில், எளிய கூரையோடு, பழுதுபார்ப்புக்கென்று தொடக்கத்திலேயே தனி நிதி ஒதுக்கிய அரங்கத்தைத்தான். மிகச் சிறிய நகரங்களில், ஆண்டு முழுவதும் நிகழ்ச்சி நடத்தக் குழுக்களே இல்லாத இடங்களில், இந்தக் கணக்கு இப்படியே பொருந்தும் என்று நான் உறுதியாகச் சொல்லத் துணியவில்லை. பள்ளிகளும் அக்கம்பக்கத்துச் சிறுவர்களும் நாள்தோறும் ஓடியாடும் திறந்த மைதானத்தையும் நான் இங்கே எடைபோடவில்லை. அதற்குச் செலவிடும் பணத்தில் எனக்கு மறுப்பே கிடையாது.

பெரிய விளையாட்டரங்கம் கட்டியே தீர வேண்டுமானால், பின்பற்றத் தகுந்த முன்மாதிரிகள் இருக்கின்றன. மான்செஸ்டர் 2002 காமன்வெல்த் போட்டிக்கு அரங்கம் கட்டும்போதே, போட்டி முடிந்ததும் ஓடுதளத்தை அகற்றிக் கால்பந்துக்கு மாற்றுவது முடிவாகியிருந்தது. மான்செஸ்டர் சிட்டி அணி குடியேற, அரங்கத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட நகராட்சி தொடர்ந்து வருவாய் பெறுகிறது. ஓக்லஹோமா நகரம் 1993-இல் ஒரு விழுக்காடு தற்காலிக விற்பனை வரிக்கு மக்களின் ஒப்புதல் பெற்று, பேஸ்பால் மைதானம், உள்ளரங்கம், நூலகம், பழைய இசைக்கூடத்தின் புதுப்பிப்பு ஆகியவற்றைக் கடன் வாங்காமல், வரி வசூலைக் கொண்டே கட்டியது. ஆனால் 2002-இல் திறந்த அதே உள்ளரங்கத்துக்கு மாற்றாக, குறைந்தது 90 கோடி டாலரில் புதிய அரங்கம் கட்ட 2023 டிசம்பரில் அந்நகர மக்கள் வாக்களித்தார்கள். அதில் கூடைப்பந்து அணியின் பங்கு 5 கோடி டாலர். இடையில் 2008-இல் அந்த அணி பழைய உள்ளரங்கத்துக்குக் குடிவந்திருந்தது. நிதி பற்றிய பேச்சில் நகரத்தின் கை தாழ்ந்தது அதன் பிறகுதான்.