பிரிவு, தாபரிப்பு, பிள்ளை: திருகோணமலையில் எந்தக் கதவைத் தட்டுவது?

கணவன் மனைவி பிரச்சினை முற்றியதும் எங்கள் ஊரில் எழும் முதல் கேள்வி, "நல்ல லோயர் யாரையாவது தெரியுமா?" என்பதுதான். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. எந்த நீதிமன்றத்தில் என்ன கேட்கப் போகிறோம் என்பதே முதலாவது. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்து விஷயம். தாபரிப்பு, அதாவது மனைவி பிள்ளைகளின் வாழ்க்கைச் செலவுக்கு மாதாமாதம் கொடுக்கும் காசு, நீதவான் நீதிமன்றத்து விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, விவாகரத்து முடிந்தால்தான் பிள்ளைச் செலவுக்குக் காசு வரும் என்று காத்திருப்பவர்கள் பலர்.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, விவாகரத்து கேட்காமலே தனக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புக் கேட்கலாம். மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்களுக்கு அங்கேயே நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம், மறியலுக்கும் அனுப்பலாம். சிக்கல், எதிராளியின் வருமானத்தைக் காட்டுவதில்தான். அரச உத்தியோகத்தர் என்றால் சம்பளப் பட்டியல் இருக்கும். படகு வைத்துத் தொழில் செய்பவருக்கு அது ஏது? படகின் பதிவு இலக்கம், மீன் விற்ற துண்டுகள், லீசிங் கட்டிய ரசீது என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டும். பிள்ளையின் பக்கத்துக்கு வான் காசு, டியூஷன் காசு, மருந்துத் துண்டு. இந்தக் கட்டோடு போகிறவரின் வழக்கு, வெறுங்கையோடு போகிறவரின் வழக்கைவிட வேகமாக நகரும்.

சரி, இப்போது லோயர். சட்ட உதவி ஆணைக்குழுவா, தனியார் சட்டத்தரணியா?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குத்தான் வழக்குப் பேசுவார்கள். அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரிடம் எடுத்த வருமானச் சான்று எல்லாவற்றையும் முதல் தடவையே கொண்டுபோவது நல்லது. குறை என்னவென்றால், சட்டத்தரணியை நீங்கள் தெரிவு செய்ய முடியாது, அவர்கள் தருபவர்தான். தாபரிப்புக்கும் சாதாரண விவாகரத்துக்கும் இது போதும் என்பது என் அபிப்பிராயம். காசு கொடுத்தால்தான் ஒழுங்காகப் பேசுவார்கள் என்பது வெறும் நம்பிக்கை.

தனியாரிடம் போக வேண்டிய இடங்களும் உண்டு. காணி, வீடு இழுபறியில் இருந்தால், அல்லது எதிராளி கட்டாரிலோ கனடாவிலோ இருந்தால். வெளிநாட்டுக்கு அழைப்பாணை அனுப்பும் வேலைக்கே பொறுமையும் பின்தொடர்தலும் வேண்டும். கட்டணத்தை வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு தவணைக்கும் இவ்வளவு என்று பேசுவதா, முழு வழக்குக்கும் சேர்த்துப் பேசுவதா என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இழுபடும் வழக்கில் தவணைக் காசு கையைக் கடிக்கும்.

"இருவருக்கும் சம்மதம், சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். பொதுச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து கிடையாது. (கண்டியச் சட்டப்படி பதிந்தவர்களுக்கு உண்டு.) விவாகத்துக்குப் பிந்திய பிறர்மனைத் தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போனது, விவாக நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை என்று காரணம் ஒன்றைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். நடைமுறையில் ஒருவர் கைவிட்டதாக வழக்குப் போடுவார், மற்றவர் எதிர்க்க மாட்டார். வீட்டைவிட்டு வெளியேறியவர்தான் கைவிட்டவர் என்றும் இல்லை. இருக்க முடியாதபடி செய்தவரையே அப்படிக் கருத நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

மத்தியஸ்த சபை, பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவு ஆகியவை செலவில்லாதவை, ஆனால் எவற்றுக்கும் விவாகரத்துக் கொடுக்கும் அதிகாரம் இல்லை. பிள்ளை யாரோடு, பாடசாலை விடுமுறையில் யாரிடம், கோணேசர் கோயில் திருவிழாவுக்கு யார் கூட்டிப்போவது, எங்கே கைமாற்றுவது என்றெல்லாம் பேசிமுடிக்க இவர்கள் உதவலாம். அம்மம்மா வீட்டு வாசலில் கைமாறும் பிள்ளைக்கும் பொலிஸ் வாசலில் கைமாறும் பிள்ளைக்கும் எவ்வளவு வித்தியாசம்! பேசிய ஏற்பாட்டை மாவட்ட நீதிமன்றக் கட்டளையாக்கிக்கொள்ளாவிட்டால், ஒருவர் மனம் மாறியதும் அது வெறும் கடதாசிதான்.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்தச் சமரசப் பாதையே வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். 12 மாதம்வரை கிடைக்கும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமான 1938க்கும் அழைக்கலாம்.

கிண்ணியா, மூதூர், புல்மோட்டை முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, அவர்களுக்கென்றே உள்ள காதி நீதிமன்றம். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது, உங்களுக்காக நீங்களே பேச வேண்டும். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு மட்டும் அவர்களுக்கும் மாவட்ட நீதிமன்றம்தான்.

எந்தச் சட்டத்தரணியைப் பிடித்தாலும் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: இறுதிக் கட்டளை எடுப்பதும் இந்தக் கட்டணத்தில் அடங்குமா? முதலில் வருவது நிபந்தனைக் கட்டளை மட்டுமே. குறைந்தது 3 மாதம் கழிந்த பிறகே அது இறுதியாக்கப்படும். அதுவரை மறுமணம் பதிய முடியாது.