கொழும்பில் எங்கே சாப்பிடலாம்? முதலில் மணியைச் சொல்லுங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கொழும்பில் எந்தக் கடை நல்லது என்று கேட்டால், எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சிரிப்பார்கள். ஆனால் இங்கே மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் அப்பம் கேட்டால் பெரும்பாலான கடைகளில் கையை விரிப்பார்கள், பின்னேரம் வரவேண்டும். கொத்துரொட்டி போடுகிற கல்லில் தகடு தட்டும் சத்தம் பொழுதுபட்ட பிறகுதான் சரியாகக் கேட்கத் தொடங்கும். சோறும் கறியும் பன்னிரண்டரைக்கு அருமையாக இருக்கும், மூன்று மணிக்கு அதே கடையில் பருப்பு இறுகி, மீன் துண்டில் தலையும் வாலும்தான் மிச்சம் இருக்கும். நல்ல கடை என்று சொல்லிவிட்டுப் பிறகு ஏச்சு வாங்குகிறவர்களில் பாதிப் பேர், சரியான கடைக்குப் பிழையான நேரத்தில் ஆளை அனுப்பியவர்கள்தான்.

நான் இருப்பது வெள்ளவத்தையில். கனடா, லண்டன், சென்னை, மலேசியா என்று எங்கிருந்து தமிழர் வந்தாலும் கடைசியில் இந்தப் பக்கத்தில் ஒரு அறையோ வாடகை வீடோ எடுத்துத்தான் தங்குகிறார்கள், காலைச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருப்பவரிடம் "நேற்று எங்கே சாப்பிட்டீர்கள்" என்ற கதை தானாகவே தொடங்கிவிடும். கீழே இருப்பது அப்படி நான் கொடுத்ததும் வாங்கியதும் கலந்த கணக்கு.

சைவம் என்றால் இராமகிருஷ்ணா வீதியில் சண்முகாஸ். குடும்பமாக, வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போக ஏற்ற இடம், சுத்தம். காலையிலோ இரவிலோ தோசைக்குப் போங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் முதல் வாயிலேயே சாம்பாரைத் தங்கள் ஊர் சாம்பாரோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஒப்பிட வேண்டாம், எங்கள் ஆட்கள் தோசைக்குத் தேடுவது சம்பலைத்தான். பம்பலப்பிட்டியில் ஷ்ரபரி கார்டன்ஸில் இருக்கும் கிரீன்லண்ட்ஸ் பழைய மாதிரி ஆள், பளபளப்பு ஒன்றும் கிடையாது, உழுந்து வடையும் தேத்தண்ணியுமாக ஒரு பின்னேரத்தைப் போக்க எனக்குப் பிடித்த இடம் அது. கோப்பியை எதிர்பார்த்து எங்கும் போகாதீர்கள், இது தேயிலை நாடு.

யாழ்ப்பாணச் சாப்பாடு கேட்பவர்களுக்கு மரைன் டிரைவ் பக்கத்தில் யாழ் உணவகம். அங்கே நான் ஆளை அனுப்புவது ஒடியற் கூழுக்காக. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவை ஊறவைத்துக் கசப்பு நீக்கி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை எல்லாம் போட்டு அவிந்து வரும்போது புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துக் கரைத்துவிடுகிற சங்கதி அது, வீட்டில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சவே முடியாது, பெரிய பானையில் வைத்து ஊரைக் கூட்டித்தான் குடிக்க வேண்டும். கடையில் குடிப்பதில் பனையோலைப் பிளாவும் வீட்டு முற்றமும் கிடைக்காது, அதை மறந்துவிட்டுக் குடித்தால் நல்ல கூழ்தான். உறைப்பு தாங்காதவர்கள் முதலே சொல்லிவிடுங்கள், சொல்லியும் கொஞ்சம் உறைக்கும்.

நண்டுக்குத்தான் பெரிய சண்டை. கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011 இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒப் கிராப், தர்ஷன் முனிதாச சமையல்காரர், சங்கக்காரவும் மஹேலவும் பங்காளிகள், அதனால் கிரிக்கெட் பைத்தியங்கள் எல்லோரும் அங்கேதான் முதலில் ஓடுகிறார்கள். அரைக் கிலோவில் தொடங்கி 2 கிலோவுக்கு மேல் வரை அளவு பார்த்து நண்டு எடுக்கலாம். டொரொண்டோவிலிருந்து வந்த ஒரு அக்கா பில்லைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் காசுக்கு எங்கட ஊரில கூடை நண்டு வாங்கலாமே" என்றா. வாங்கலாம் அக்கா, ஆனால் அது வேற நண்டு. இங்கே வருவது சேற்று நண்டு, முன்பெல்லாம் நல்ல பெரியதாக இருந்தால் நேரே சிங்கப்பூருக்கு ஏற்றிவிடுவார்கள், உள்ளூரில் கண்ணால் காண்பதே அரிது. உள்ளூர் மேசையில் அதைத் தரமாக வைத்ததற்கே அவர்களுக்கு ஒரு மதிப்புக் கொடுக்கலாம். ஒருமுறை போகலாம், பிறந்தநாளுக்கோ யாராவது காசு கட்டும்போதோ. மிளகு போட்டதை எடுங்கள்.

ஆனால் நண்டுக்கறி என்றால் எனக்கு அது இல்லை. வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள், தேங்காய்ப்பால், இறக்கும்போது முருங்கை இலை, பெருஞ்சீரகம் கொஞ்சம், கையெல்லாம் சிவப்பாகி அன்றிரவு வரை வாசம் போகாத அந்தக் கறி. அதற்குக் கொள்ளுப்பிட்டியில் ரேணுகா ஹோட்டலின் பல்மைரா உணவகத்தைச் சொல்வேன், ஹோட்டல் சாப்பாடு என்று நினைத்துப் பின்வாங்க வேண்டாம். சின்ன நண்டில்தான் தூள் உள்ளே இறங்கும், பெரிய நண்டின் சதை தனியாகவும் குழம்பு தனியாகவும் நிற்கும். இதைச் சொன்னால் அக்காவோடு ஒத்துப்போய்விடுகிறேன், சரி, போகட்டும்.

நண்டு பற்றிப் பேசும்போதே ஒரு எச்சரிக்கை. கடற்கரைப் பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம், மெனுவில் நண்டுக்கு நேரே விலை இல்லை, "இன்றைய விலை" என்று மட்டும் போட்டிருந்தது. நிறையைக் காட்டவில்லை, விலையையும் சொல்லவில்லை, சாப்பிட்டு முடிந்த பிறகு வந்த தொகையைப் பார்த்து எங்கள் மேசையில் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. நிறை போடச் சொல்லுங்கள், கிலோ என்ன விலை என்று சமைக்கிறதுக்கு முன்பே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம் பெரிய இடங்களில் மெனுவில் இருப்பது முழு விலை இல்லை, பல இடங்களில் 10 வீதம் சேவைக் கட்டணமும் 2024 இலிருந்து 18 வீதமான வற் (பெறுமதி சேர்) வரியும் மேலே ஏறும். ஆயிரம் ரூபா என்று நினைத்தது ஆயிரத்து முந்நூறாக வந்து நிற்கும்.

கொத்துக்கு கொள்ளுப்பிட்டி பிளவூஸ். காலி வீதியில் அந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்த கடைகள் வேறும் உண்டு, எது அசல் என்று ஓட்டோக்காரர்களே அடித்துக்கொள்வார்கள். சீஸ் கொத்து வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும். பத்து மணிக்குப் பிறகு போங்கள், கல் சூடாக, கை வேகமாக இருக்கும். ஒரு சுவிஸ் தமிழ்ப் பொடியன் எனக்குச் சொல்லித் தந்தது: குழம்பைத் தனியாகத் தரச் சொல், கொத்து ஊறிக் களியாகாது. அதற்குப் பிறகு அப்படித்தான் கேட்கிறேன்.

இனி நான் வாங்கிக்கொண்டதில் பெரியது. கொம்பனித்தெருவில் மலாய்க்காரர் சாப்பாடு இருக்கிறது என்று தெரியும், ஆனால் உள்ளே போய் இருந்து சாப்பிட வைத்தது கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவர். வந்த இரண்டாம் நாளே சந்துக்குள் நுழைந்து கண்டுபிடித்திருக்கிறார். "தம்பி, எங்க ஊர் வாசம் அடிச்சது, மூக்கு கூட்டிட்டுப் போச்சு" என்றார். பாபத் என்று மாட்டுக் குடல்கறி, பிட்டோடு. குடல் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு இல்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், மெதுவாக நெடுநேரம் அவிந்த குடலின் குழம்பு பிட்டில் ஊறும்போது வேறு கறி ஒன்றும் தேவைப்படாது. பெரியவருக்கு ஒரு சந்தோஷம், தன் ஊரில் இதைப் பிட்டோடு யாரும் தரமாட்டார்களாம். கைமாறாக நான் அவரைப் புதுக்கடை என்கிற பகுதிக்கு இரவில் கூட்டிப்போனேன், அப்துல் ஹமீத் வீதி முழுக்கப் புகை, ரொட்டி, கறி, பலூடா. சத்தமும் நெரிசலும்தான், இருந்து கதைக்கிற இடமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

லம்ப்ரைஸ் கேட்பவர்களை டச்சு பேர்கர் யூனியனின் வி.ஓ.சி கபேக்கு அனுப்புவேன், 1908 இல் தொடங்கிய பறங்கியர் (டச்சு வழிவந்தவர்கள்) சங்கம், ரீட் அவெனியூவில். இறைச்சிச் சாற்றில் அவித்த சோறு, கலந்த இறைச்சிக் கறி, கத்தரிக்காய், உருண்டைக் கட்லட், இறால் சம்பல், எல்லாவற்றையும் வாழையிலையில் மடித்துச் சுட்டு எடுப்பது. கோழிக்காலும் அவித்த முட்டையும் திணித்து அந்தப் பெயரில் விற்கிற பார்சல்களையும் நான் சாப்பிடுவேன்தான், பசிக்கு, ஆனால் அசல் அதுவல்ல. போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், முடிந்துவிட்டால் முடிந்ததுதான். பன்றியும் மாடும் கலந்திருக்கும், விலக்குகிறவர்கள் முதலிலேயே கேளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற ஒன்று. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரோல்ஸ், கட்லட், மாலுபாண் (மீன் வைத்த பணிஸ்), வடை எல்லாம் ஒரு தட்டில் மேசைக்கு வரும். பயப்பட வேண்டாம், எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மிச்சத்தை எண்ணிப் பார்த்துத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். சென்னைத் தம்பதி ஒன்று தட்டு முழுவதும் தங்களுக்கு என்று நினைத்து அரைவாசியைக் கஷ்டப்பட்டுத் தின்று முடித்த கதையை அவர்களே சொன்னார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்ததுதான் அடுத்த மேசைக்குப் போகும் என்பதும் உண்மை, மனம் ஒப்பாவிட்டால் கண்ணாடிப் பெட்டியில் இருந்து எடுத்துத் தரச் சொல்லலாம்.

காலிமுகத்திடலில் இறால் வடை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். காற்றுக்குப் போங்கள். வடை வேண்டுமென்றால் கூட்டம் இருக்கிற வண்டியில், கண் முன்னால் எண்ணெயிலிருந்து எடுக்கிறதை மட்டும்.

எனக்கு இன்னும் கிடைக்காத ஒன்று இருக்கிறது: கொழும்பில் மட்டக்களப்புப் பிட்டும் எருமைத் தயிரும், ஊரில் கிடைக்கிற மாதிரி. தெகிவளைப் பக்கம் ஒரு வீட்டில் சொல்லி எடுக்கலாம் என்று காதில் விழுந்தது. போய்ச் சாப்பிட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பதிலுக்குச் சோத்துப் பார்சலுக்கு நான் போகிற கடையைச் சொல்கிறேன், அது இப்போதைக்கு வெளியில் விடுவதாக இல்லை.