கிளாஸ்கோவின் ஆங்கில நிகண்டு: நெடும்பழங்காலத்துக்குச் சொல் தேடுவோர்க்கு

நிலப் பத்திரங்களையும் நாட்டுப்புறக் கதைகளையும் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் தொழில். கொங்குப் பகுதிக் கிரயப் பத்திரங்களில் "மாமூல் வழிநடை, வண்டித்தடப் பாத்தியம்" என்ற தொடர் அடிக்கடி வரும். அடுத்த நாளே மேசைக்கு வரும் கதை "பண்டு ஒரு காலத்திலே" என்று தொடங்கும். இரண்டும் பழமையையே குறிக்கின்றன என்றாலும் இரண்டும் ஒரே பழமையல்ல. கையடக்க ஒப்புச்சொல் அகராதிகளோ ஏன்ஷியன்ட், ஓல்டன், யோர், இம்மெமோரியல் என எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டிவிட்டு, எதை எங்கே வைப்பது என்பதை நம் தலையில் கட்டிவிடுகின்றன. இந்தக் குறையோடு போராடிக்கொண்டிருந்தபோதுதான் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் 'ஹிஸ்டாரிக்கல் தெசாரஸ் ஆஃப் இங்கிலீஷ்' இணையதளத்தைப் பயன்படுத்தத் தொடங்கினேன். கட்டணம் இல்லாத இத்தளத்தை நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

தமிழ் வாசகருக்கு இதை நிகண்டு என்று அறிமுகம் செய்வதே பொருத்தம். பழந்தமிழ் நிகண்டான திவாகரத்தைப் போல இதுவும் அகரவரிசையில் அல்லாமல் பொருள்வழியில் சொற்களை அடுக்குகிறது. புறவுலகம், மனம், சமூகம் என்ற மூன்று பெரும்பிரிவுகளிலிருந்து கிளை கிளையாக இறங்குகிறது. வேறுபாடு ஒன்றே: ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது எழுத்தில் முதலில் தென்பட்ட ஆண்டும், வழக்கொழிந்த சொல்லாயின் கடைசியாகத் தென்பட்ட ஆண்டும் தரப்பட்டுள்ளன. கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் சாமுவேல்ஸ் 1965-இல் தொடங்கிய இப்பணி, ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் சொற்பொருள்களைத் துண்டுச்சீட்டுகளில் கையால் எழுதிப் பிரித்து அடுக்குவதில் தொடங்கி, 44 ஆண்டுகளுக்குப் பின் 2009-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சேறியது. இடையில் 1978-இல் இப்பணி நடந்த கட்டடத்தில் தீப்பிடித்தபோது, சீட்டுகள் உலோக அலமாரிகளில் இருந்ததால் தப்பின. ஏறத்தாழ எட்டு லட்சம் சொற்பொருள்கள் கொண்ட இக்களஞ்சியம் கைவிட்டுப் போயிருக்கக்கூடும் என்று எண்ணும்போது இப்போதும் மனம் பதைக்கிறது.

காலம் என்ற பிரிவுக்குள் நுழைந்து கடந்த காலத்துக்கு இறங்கினால், பழஞ்சொற்கள் முதலிலும் புதியவை பின்னுமாக வரிசையாக நிற்கும். அந்த வரிசையை மேலிருந்து கீழாகப் படிப்பதே தனி அனுபவம். மேல்பகுதிச் சொற்கள் எளிய பிறப்புடையவை. யோர் என்ற சொல் 'ஆண்டு' என்பதன் பழைய ஆங்கிலப் பன்மை வடிவிலிருந்து வந்தது. இன்று கவிதைக்கு மட்டுமே உரியதாகிவிட்ட வைலம் என்பது 'பொழுது' என்ற சொல்லின் வேற்றுமை வடிவம். ஆண்டையும் பொழுதையும் வைத்தே முன்னோர் பழமையைச் சொல்லியிருக்கிறார்கள்.

கீழே வர வர, ஆங்கிலேயர் தம் பழங்காலம் எவ்வளவு ஆழமானது என்று கருதினார்களோ அந்த ஆழம் சொற்களில் தெரிகிறது. நோவாவின் பெருவெள்ளத்துக்கு முற்பட்டது என்று பொருள்படும் ஆன்டிடிலூவியன் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; உலகம் பிறந்து ஆறாயிரம் ஆண்டுகூட ஆகவில்லை என்று கற்றவர்களே கணக்கிட்ட காலம் அது. அதே சொல் பிற்பாடு பழம்போக்கான ஆளையும் பொருளையும் இகழப் பயன்படலாயிற்று. எழுத்துச் சான்றுக்கு முந்திய காலத்தைக் குறிக்கும் பிரீஹிஸ்டாரிக் என்பதை டேனியல் வில்சன் 1851-இல் ஸ்காட்லாந்துத் தொல்லியல் பற்றிய தம் நூலின் தலைப்பிலேயே வைத்தார். ஜான் லுபக் 1865-இல் பழைய கற்காலம், புதிய கற்காலம் என்பவற்றுக்கான பேலியோலித்திக், நியோலித்திக் என்ற சொற்களைப் படைத்தார். வேத நூலின் வெள்ளத்திலிருந்து கற்கருவிக்கு வந்து சேர்ந்த அந்த நெடும்பயணத்தை ஆண்டுக் குறிப்புகளின் துணையோடு பின்தொடர முடிவதற்காகவே இத்தளத்தைப் பரிந்துரைப்பேன்.

தொழில்முறைப் பயனும் பெரிது. 17-ஆம் நூற்றாண்டுப் பாத்திரத்தின் வாயில் 'கடந்துபோன ஆண்டு' என்று பொருள்படும் யெஸ்டர்இயர் என்ற சொல்லை வைக்க ஒருவர் முனைந்தால், ஆண்டைப் பார்த்த உடனே கையை எடுத்துவிடுவார். பழமை மணக்கும் அச்சொல்லை, ஒரு பிரெஞ்சுக் கவிதையைப் பெயர்க்கும்போது ஆங்கிலக் கவிஞர் ரொசெட்டி 1870-இல் ஆக்கினார்.

ஆனாலும் ஆண்டு மட்டும் போதாது. இக்களஞ்சியம் சொற்களுக்கு விளக்கம் தருவதில்லை. பிரிவின் தலைப்பே விளக்கமாக நிற்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டுமானால் சந்தா கட்டிப் படிக்க வேண்டிய ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும். இந்தக் குறை எங்கே உறுத்தும் என்பதற்கு டைம் இம்மெமோரியல் என்ற தொடரே சான்று. பேச்சில் அதற்கு 'நினைவுக்கு எட்டாத காலம்' என்று பொருள். இங்கிலாந்துச் சட்டத்திலோ அதற்கு எல்லை உண்டு: 1275-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக, முதலாம் ரிச்சர்டு பட்டத்துக்கு வந்த 1189-க்கு முற்பட்ட காலம் என்று வரையறுக்கப்பட்டது. ஏன் 1189 என்பதை இக்களஞ்சியம் சொல்லித் தராது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, மாமூல் வண்டித்தடத்துக்கு அத்தொடரை நான் எழுதுவதில்லை. நம் நாட்டு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், தடையின்றி 20 ஆண்டு அனுபவித்த வழிக்கே உரிமை தருகிறது; பத்திரம் எழுதியவர் சொல்ல வந்ததும் வழக்கத்தைத்தான், யுகத்தை அல்ல. எனவே கஸ்டமரி என்று எழுதுகிறேன். 'மாமூல்' என்ற அரபுவழிச் சொல்லுக்கும் அதுவே நேர்ப்பொருள்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். தரப்படும் முதல் ஆண்டு, கிடைத்த எழுத்துச் சான்றின் ஆண்டே தவிரச் சொல் பிறந்த ஆண்டு அன்று. பேரகராதி திருத்தப்படும்போது பல சொற்களின் முதல் ஆண்டு இன்னும் முந்தியதாகிவிடுகிறது. கிளைகளுக்குள் இறங்கும் முறை பழகவும் சில நாள் பிடிக்கும். வகுப்பறைக்காக அவசரமாக ஒரு சொல் தேடும் மாணவருக்கு இது உகந்ததல்ல. மொழிபெயர்ப்பாளர், வரலாற்றுப் புனைவு எழுதுவோர், பழைய ஆங்கில ஆவணங்களைப் படிப்போர் ஆகியோர் தயங்காமல் பயன்படுத்தலாம்.

அந்தக் கதையின் 'பண்டு' என்ற சொல்லுக்கு முதலில் யோர் என்றே எழுதியிருந்தேன். கதையைச் சொன்ன பாட்டியின் பேச்சில் அந்த அலங்காரம் இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. வரிசையை மறுபடி படித்தபோது எகோ என்ற சிறு சொல்லில் கண் நின்றது; 'கழிந்துபோன' என்பதே அதன் மூலப்பொருள். லாங் எகோ என்று திருத்தி அனுப்பினேன்.